பத்துக்கு இரண்டு

நாடகக் குழுவில் அவருக்கு அழுமூஞ்சியார் என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டம் மாதிரி சுமந்து திரிந்தார். எந்தக் கண்ணில் முதலில் கண்ணீர் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அழக்கூடிய மனிதர். முப்பது வருடமாக மேடையில் கால் போனவர், குத்துப்பட்டவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் எல்லாம் அவர்தான்.

அவர் மனைவி தையல்காரி, எல்லாவற்றிலும் அவருக்கு நேர்மாறு. ஒருமுறை மெஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி ஊசியை ஏற்றினாள், விரலில் துண்டுத்துணியைச் சுற்றினாள், மிச்சத் தையலை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். மயக்கம் போட்டு விழுந்தவர் அழுமூஞ்சியார். அவர் பீரோ கண்ணாடி முன்னால் நின்று வலியில் துடித்துப் பழகும்போதெல்லாம் அவள் தைத்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் அடக்க முடியாது.

தலைவலிக்கு ஒரு மாத்திரை கேட்காத அவள், அன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். அப்போதே அவர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

அவசரப் பிரிவின் வாசலில் இப்போதெல்லாம் டாக்டர் கிடையாது. ஒரு நாற்காலி, எதிரே ஒரு கேமரா. உட்கார்ந்தால் அரை நிமிடம் முகத்தைப் பார்த்துவிட்டு, பத்துக்கு எத்தனை வலி என்று திரையில் எண்ணைக் காட்டும். எண் ஏழைத் தாண்டினால் பக்கத்துக் கதவு தானாகத் திறக்கும். தாண்டாவிட்டால் பெஞ்சு. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு முறை உட்காரலாம், அவ்வளவுதான்.

அந்தக் கேமராவைப் பார்த்ததும் அழுமூஞ்சியாருக்குத் தெம்பு வந்தது. அதற்கு வலி என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்ததே அவர்தானே. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் மூன்று நாள் துடிக்க வைத்துப் படம் பிடித்தது. கடைசி நாள், அங்கிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"நிஜ நோயாளிங்க படமும் நெறைய இருக்கு சார். ஆனா பாதிப் பேர் சும்மா சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. அதையும் சேக்கலாமா?"

"அவங்களுக்கு வலியக் காட்டத் தெரியலம்மா. அதைப் போட்டு மெஷினை எதுக்குக் குழப்புறீங்க?"

பெரிய கலைஞர் சொல்கிறார் என்று அவள் குறித்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் கழிக்கப்பட்டார்கள். வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் ஒரு வாரம் பீற்றிக்கொண்டார்.

அவர்களுக்கு முன்னால் மணிக்கட்டு பிசகிய ஒரு வாட்டசாட்டமான ஆள் உட்கார்ந்தான். தலையைப் பின்னால் சாய்த்தான், உதட்டின் இடது ஓரத்தை இறக்கினான், மூச்சை மூன்றாக வெட்டி அழுதான். எட்டு. கதவு திறந்தது. அழுமூஞ்சியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஏனென்றால் அது அவருடைய அழுகை. யாரிடமிருந்து யார் கற்றார்களோ, ஊரே அதைப் பழகிவைத்திருந்தது. மூன்றாவது வெட்டில் அவசரப்பட்டுவிட்டான் என்று மனதுக்குள் குறை வேறு கண்டுபிடித்தார். இந்தப் புத்தியை எதில் சேர்ப்பது?

பிறகு மனைவி உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது, நெற்றியில் வேர்வை. கேமராவைத் தாண்டி, பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு.

அவர் கவுன்ட்டருக்கு ஓடினார். நர்ஸ் கெட்டவள் இல்லை. தன் கையில் ஒன்றுமில்லை, கதவு தன் பேச்சைக் கேட்காது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்சம் முகத்துல காட்டச் சொல்லுங்கய்யா. எல்லாரும் அதான் செய்யிறாங்க."

கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து அந்த ஒரு மணி நேரமும் அவளுக்குப் பாடம் நடந்தது. தலையைச் சாய், உதட்டை இறக்கு, மூச்சை வெட்டு. அவள் தலையைச் சாய்த்தால் உதடு மறந்தது, உதட்டை இறக்கினால் வெட்கம் வந்தது. வயிறு கல்லாக இறுகியிருந்ததால் மூச்சை வெட்டவே முடியவில்லை. கற்றுக்குட்டிகளிடம் எரிந்துவிழுந்த பழக்கம் அவரை விடுமா? ஒரு சின்ன அழுகை வரவில்லையே, மரக்கட்டையா நீ என்று எல்லார் முன்னாலும் கத்தினார். கத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்றிருந்தது.

"நீங்க கேமராவுக்குப் பின்னால நின்னு செஞ்சு காட்டுங்க. பாத்துப் பண்றேன்," என்றாள்.

அவளைத் தாங்கிக் கொண்டுபோய் நாற்காலியில் வைத்துவிட்டு அவர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். வாழ்க்கையில் அப்படி அவர் நடித்ததில்லை. தலை சாய்ந்தது, உதடு இறங்கியது, இடது கண்ணில் முதல் சொட்டு. அவள் பார்த்தாள். பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டுதான் பார்த்தாள். ஆனால் அது பீரோ கண்ணாடி முன்னால் முப்பது வருடம் பார்த்த முகம். அவள் தோள் குலுங்கியது. சிரித்துவிட்டாள்.

திரையில் பூஜ்யம் வந்தது. பூஜ்யம் வந்தால் ஆள் நன்றாக இருப்பதாக அர்த்தம். அவளுடைய டோக்கன் ரத்தாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றது மெஷினின் குரல்.

அவளைப் பெஞ்சில் சாய்த்தபோது உதடு நீலமாகியிருந்தது. அழுமூஞ்சியாருக்கு ஒரே வழிதான் தோன்றியது. கதவு திறந்தால் போதும், எப்படியாவது இவளை உள்ளே இழுத்துப் போட்டுவிடலாம். ஓடிப்போய்த் தானே நாற்காலியில் உட்கார்ந்தார், அழுதார்.

பத்து. அந்த ஹாலில் யாரும் அதுவரை பத்தைப் பார்த்ததில்லை. கதவு திறந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து அவரைத்தான் தூக்கினார்கள்.

"எனக்கு இல்ல, அவளுக்கு. அவளத் தூக்குங்க," என்று பெஞ்சைக் காட்டினார்.

பெஞ்சில் இருந்தவளின் முகம் அமைதியாக இருந்தது. வலியில் உளறுகிறார் என்று ஸ்ட்ரெச்சரில் பட்டையால் கட்டினார்கள். அவர் திமிறத் திமிற, பத்து என்பது சரிதான் என்று அவர்களுக்கு உறுதியாயிற்று. ஊசி போட்டார்கள். கதவு மூடுவதற்குள் கடைசியாக அவர் கண்ணில் பட்டது, தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அவள் கண்கள்.

விழித்துக்கொண்டு தள்ளாடி வெளியே வந்தபோது மதியம் ஆகியிருந்தது. அவள் வைத்தது வைத்தபடி சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கையால் விலாவை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், அக்கா ரொம்ப நேரமா தூங்குறாங்க என்று மெதுவாகச் சொன்னாள். மனைவியின் விரலைத் தொட்டதும் அவர் தெரிந்துகொண்டார். நகத்தில் அந்தப் பழைய ஊசித் தழும்பு இருந்தது.

அழுகை வரவில்லை. எவ்வளவு முயன்றும் ஒரு சொட்டு வரவில்லை. அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஐயா, பத்து வாங்குனது நீங்கதானே?" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. "எனக்கு மூணுதான் வந்துச்சு. இன்னும் ஒரு தடவைதான் இருக்கு. சொல்லித்தாங்களேன்."

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொதல்ல தலையப் பின்னால சாய்க்கணும்மா," என்றார்.