புத்தகம் போட்டவர்

அப்பாவின் சட்டைக்குக் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மூளைக்காரர் பக்கத்தில் குனிந்து, "அந்த ஃபைல் எந்தக் கம்ப்யூட்டர்லம்மா இருக்கு?" என்று கேட்டார்.

பட்டன் அவள் விரலிலிருந்து நழுவியது. அப்பாவின் உயிர் போய் நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. வந்தவர் மாலையைப் போட்டார், அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார், மூன்றாவதாக இதைக் கேட்கிறார்.

மூளைக்காரர் என்பது அம்மா வைத்த பேர். செஸ் ஆடும் புரோகிராம் ஒன்றை எழுதி, புரோகிராம்கள் மோதும் போட்டிகளில் கோப்பைகளாக அள்ளிக்கொண்டிருந்தார். அதற்குப் புத்தகம் போட்டவர் அப்பா. புத்தகம் என்றால் காகிதம் இல்லை. ஆட்டத்தின் முதல் பன்னிரண்டு, பதினைந்து நகர்த்தல்களைப் புரோகிராம் யோசிக்காது. சேர்த்து வைத்த வரிசைகளிலிருந்து எடுத்துப் போடும். அந்த வரிசைகளைப் பார்சல் ஆபீஸ் வேலை முடிந்து வந்து, பதினோரு வருடம் உட்கார்ந்து சேர்த்தார் அப்பா. "புத்தகம் எழுதறாராம், ஒரு பக்கத்தைக் கூடக் கண்ணுல காட்ட மாட்டேங்கிறார்" என்று அம்மா கேலி செய்வாள்.

போன மாதம் மூளைக்காரரின் பேட்டி வந்தது. புத்தகத்தால் பெரிதாகப் பலம் கூடுவதில்லை, என் புரோகிராம் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா அதைப் படித்தார். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு லேப்டாப்பைக் கேட்டார்.

"திங்கக்கிழமை போட்டிம்மா. சார் திருத்திக்கிட்டிருந்த புதுப் புத்தகம் வேணும், அதான்," என்றார் மூளைக்காரர்.

"உங்களுக்குத்தான் புத்தகமே வேண்டாமே. அது இல்லாம ஓட்டிப் பாத்தீங்களா?"

"போன வருஷமே பாத்தேன்."

"எத்தனை ஆட்டம்?"

"நூறு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாப்பத்திமூணு பாயிண்ட் வந்துது."

"புத்தகத்தோட?"

"அதே எதிராளிதான். அறுபத்தொண்ணு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்துகொண்டே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். அவள் பட்டனை நிதானமாகப் போட்டு முடித்தாள். பிறகு மூளைக்காரரை அப்பாவின் அறைக்குக் கூட்டிப்போனாள்.

அப்பாவின் லேப்டாப்பில் ஃபைல் தயாராக இருந்தது. பக்கத்திலேயே அவருக்கு ஒரு குறிப்பு: 'குதிரையைப் பலி கொடுத்துத் தாக்கும் வரிசைகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். பதினைந்தாவது நகர்த்தலில் அவை நல்ல நிலையில்தான் கொண்டுபோய் விடுகின்றன. அதற்குப் பிறகு உங்கள் புரோகிராம், ஏன் தாக்குகிறோம் என்று புரியாமல் பின்வாங்குகிறது. அதற்குப் புரிகிற மாதிரி அமைதியானவை மட்டும் வைத்திருக்கிறேன்.'

அப்பாவுக்கு உயிர் அந்தக் குதிரை வரிசைகள். சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைக் குதிரையாக வைத்து அவளுக்கு விளக்கியிருக்கிறார். இவருடைய புரோகிராமுக்குப் புரியவில்லை என்று, மூச்சு வாங்கிக்கொண்டு, தன் கையாலேயே அவற்றை நீக்கியிருக்கிறார் மனிதர்.

மூளைக்காரர் பென் டிரைவை எடுத்தார்.

"உங்க புரோகிராம்ல அப்பா பேரு எங்க இருக்கு?"

"அடுத்த பதிப்புல கண்டிப்பா போட்டுடறேம்மா."

"அவர் இன்னும் வீட்லதான் இருக்கார். இப்பவே போடுங்க."

அவர் தன் லேப்டாப்பைத் திறந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றிப் பட்டியலின் கடைசி வரிக்குப் போனார்.

"அங்க இல்ல. உங்க பேருக்குப் பக்கத்துல."

வாசலில் வண்டி வந்து நின்றது. பெரியப்பா அறைக்குள் எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க பெரியப்பா," என்றாள்.

மூளைக்காரர் தன் பேருக்குப் பக்கத்தில் இடம் விட்டார். விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. திரும்பாமலே கேட்டார்:

"சாரோட முழுப் பேரு என்னம்மா?"

அவள் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக, அவர் தட்டத் தட்ட.