மூன்று மைல் பிணம்

இதனால் சகல சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், 1936ஆம் வருஷம் சித்திரை முதல் கொல்லிமலையானது ஊட்டியைத் தூக்கியடிக்கும் உல்லாசபுரி ஆகிவிட்டது.

அறிவித்தவர் மில் முதலாளி மாணிக்கம். உல்லாசபுரி என்பது மலைமேல் அவர் கட்டியிருந்த ஒரே பங்களா. சென்னையிலிருந்து வந்திருந்த நான்கு பணக்காரக் குடும்பங்கள் அங்கே சாய்வு நாற்காலிகளை வெயிலுக்கும் நிழலுக்குமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தன.

மாணிக்கத்துக்கு வேண்டியது ராவ் சாகிப் பட்டம். அதற்குச் சிபாரிசு செய்யவேண்டிய கலெக்டர் துரை, முதலாளியின் முகத்தை இதுவரை பார்த்திராதவர், அன்று நாலு மணிக்கு அங்கே தேநீருக்கு வருவதாக ஏற்பாடு. வரவேற்கவேண்டியவரோ காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து டோலியில் ஏறிக்கொண்டிருந்தார். வளைவுக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு தரம் புரண்டார்.

ஓர் எல்லைக்கல் அருகே டோலி தரைக்கு வந்தது. இனி தம் ஜனங்களின் நாடு, இதற்குள் மனுஷரை மனுஷர் சுமக்கக் கூடாதென்று கட்டுப்பாடு என்றான், டோலி தூக்குவோரில் மூத்தவனான செங்கோடன். மாணிக்கம் அதட்டிப் பார்த்தார், பிறகு கெஞ்சினார். பங்களா இன்னும் மூன்று மைல். அவருடைய முழங்கால்கள் முந்நூறு கஜத்துக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை.

"பொணத்த மட்டுந்தானுங்க தூக்கலாம்."

"அப்ப நான் பொணம். தூக்கு."

ஆட்கள் கூடிப் பேசினார்கள்.

"பொணம்னா பேசப்படாதுங்க. அசஞ்சா அங்கயே எறக்கிருவோமுங்க."

அவருடைய சரிகை அங்கவஸ்திரத்தாலேயே முகத்தை மூடினார்கள். எதிரே கிழங்குக் கூடையோடு வந்த பாவாயி, கூடையை இறக்கிவைத்து மாரடித்து அழுது முடித்துவிட்டு, யாரென்று அப்புறம் விசாரித்தாள்.

பங்களாவுக்கு அரை மைல் இருக்கையில், புளியஞ்சோலைப் பாதை வந்து கூடும் இடத்தில், அவ்வழியே குதிரையில் ஏறிவந்த கலெக்டர் எதிர்ப்பட்டார். யார் என்று கேட்டார்.

"பங்களா மொதலாளி மாணிக்கமுங்க. கொண்டுபோறோமுங்க, சாமி."

துரை இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

துணிக்குள் மாணிக்கத்துக்கு வியர்த்தது. எழுந்தால் மானம் போகும். படுத்திருந்தால் பட்டம் போகும். எது பெரிதென்று அவர் யோசித்து முடிப்பதற்குள் குளம்போசை வந்த வழியே இறங்கிவிட்டது.

உயிரோடிருப்பதாகக் கடிதம் எழுதலாம்தான். பின் ஏன் செத்துக் கிடந்தீர் என்று பதில் வந்தால்? நாலு நாள் பேனாவும் கையுமாக வராந்தாவில் நடந்தார்.

அந்த வருஷம் ராவ் சாகிப் பட்டம் ஆத்தூர்ப் புண்ணாக்கு வியாபாரி ஒருவருக்குக் கிடைத்தது.