பதினான்காம் பெட்டியின் கனம்

1976ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, சென்னீர்குப்பத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஜெயராமனின் வீட்டிலிருந்த இருபத்திரண்டு தகரப் பெட்டிகளில் இருபத்தொன்று லாரியில் ஏறின. பதினான்காம் எண் போட்ட பெட்டியை மட்டும் எட்டு ஆட்கள் சேர்ந்தும் தரையைவிட்டு எழுப்ப முடியவில்லை. சுமை மேஸ்திரி கோதண்டம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு லேத்து மிஷின்களை இறக்கிக் கொடுத்த ஆள். அவர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அடியில் கடப்பாரை விட்டு நெம்பினார். கடப்பாரை வளைந்தது. "உள்ள இன்னா சார் கீது?" என்று கேட்டார். காகிதம்தான் என்றார் பேராசிரியரின் உதவியாளர் கலியமூர்த்தி. கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "லேத்து மிஷினு கூட இப்பிடி அடம் புடிக்கல சார். மாசக் கடைசில வந்து பாக்குறேன்" என்றார். எல்லாப் பெட்டியும் ஒன்றாக வராவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்று பட்டணத்து நூலகம் எழுதியிருந்ததால், ஏற்றியவற்றையும் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பெட்டிகளில் இருந்தவை ஜெயராமனின் நாற்பது வருஷம்: கடிதங்கள், கைப்பிரதிகள், கமிட்டி அறிக்கைகள், வெளிநாட்டில் பேசிய பேச்சுகளுக்கான குறிப்புகள். பதினான்காவதில் மட்டும் 1961இல் பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் எடுத்த விசாரணைத் தாள்கள், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றை நிரப்பியவர் கலியமூர்த்தி. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். சொன்னதைச் சொன்னபடி எழுது என்ற பேராசிரியரின் கட்டளையை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டவர். அந்தத் தாள்களை வைத்து ஜெயராமன் எழுதிய புத்தகம் கடல் கடந்து போனது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல புத்தகம். இந்த வட்டாரத்துப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலையே கிடையாது என்று அட்டவணை போட்டு நிறுவியிருந்தது. புத்தகம் பேராசிரியருக்கு மாலைகளைக் கொண்டுவந்தது. கலியமூர்த்திக்கு வருஷா வருஷம் ஜூலையில் ஒரு கடிதம் வந்து, அவரை இன்னும் ஒரு வருஷத்துக்குத் தற்காலிக ஊழியராக்கியது. பதினைந்து வருஷம் தற்காலிகமாகவே போயிற்று. இப்போதுதான், மார்ச் முப்பத்தொன்றுக்குள் பெட்டிகளைக் குறைவில்லாமல் ஒப்படைத்தால் அவற்றுக்கு அவரையே நிரந்தரக் காப்பாளராக வைத்துக்கொள்வதாக நூலகம் சொல்லியிருந்தது. குடியிருப்பும் உண்டு, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாயோடு. அவர் மனைவி ஞானம்மாள் நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டைத் தாண்டிப் போய் அடிபம்பில் தினம் பன்னிரண்டு குடம் பிடித்துவந்துகொண்டிருந்தாள்.

பெட்டி ஒரே நாளில் கனத்துவிடவில்லை. 1964இல் அது இருந்த பலகை முறிந்தது. செல்லரித்திருக்கும் என்று கலியமூர்த்தி பதிவேட்டில் எழுதினார். 1968இல் அடியிலிருந்த செங்கல் தளம் விரிந்தது. மழை என்று எழுதினார். 1972இல் பெட்டி தரைக்குள் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. அந்த வருஷம் பேராசிரியர் ஊரில் இல்லாததால் ஒன்றும் எழுதவில்லை.

கோதண்டம் போன மறுநாள் கலியமூர்த்தி பெட்டியைத் திறந்தார். மேலிருந்த தாள்கள் தாள்களாகவே வந்தன. ஏழாவது தாள் வரவில்லை. நகத்தால் நெம்பினார், நகம் பிய்ந்தது. வீடு பெருக்க வந்த முனியம்மா அவர் படும் பாட்டைப் பார்த்து, "தள்ளு சார்" என்று அதை ஒரு கையால் எடுத்து மேஜைமேல் வைத்தாள். மேஜை உட்கார்ந்துவிட்டது. முனியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுத்த தாளை அவளாலும் அசைக்க முடியவில்லை. கலியமூர்த்தி குனிந்து வாசித்தார். மேஜையை உடைத்த தாள் அவளுடைய வீட்டுத் தாள். அவளுடைய பெயருக்கு நேரே தொழில் என்ற கட்டத்தில் அவருடைய குண்டுக் கையெழுத்தில் 'சும்மா' என்று இருந்தது.

"நீ சொன்னதுதானே?" என்றார்.

"சொன்னேன் சார், இல்லங்கல. அன்னிக்கு நாத்து நட்டுட்டு சேத்துக் காலோட நின்னுகினு இருந்தேன். நீ வந்து இன்னா வேல பண்றேன்னு கேட்ட. ஊட்ல சும்மாதான் கீறேன்னேன். யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்றது."

 சேறு காய்ந்த அந்தக் கால்களைக் கலியமூர்த்தி அன்றே பார்த்திருந்தார். பார்த்ததை எழுதச் சொல்லவில்லையே என்று விட்டுவிட்டார். இப்போது பேனாவை எடுத்து, விடிந்தது முதல் சொல்லச் சொல்லிக் கேட்டார். நடவு, களை, சாணி தட்டுவது, பாயிலேயே கிடந்த மாமியாரை மூன்று வருஷம் பார்த்துக்கொண்டது என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கடைசி வரியில் தாள் மின்விசிறிக் காற்றில் பறந்து போய் வாசலில் விழுந்தது. முனியம்மா எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள்.

அப்படி நூற்றுத் தொண்ணூற்றொரு தாள்கள் இருந்தன. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருமழிசை, சென்னீர்குப்பம், நசரத்பேட்டை என்று பதினெட்டு நாள் அலைந்தார். சில பெண்கள் இப்போது தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஷிப்டு முடிந்து வரும்வரை வாசலில் காத்திருந்து கேட்டார். இறந்துபோன ஐந்து பேருக்குப் புருஷன்மார்கள் சொன்ன பதிலில் தாள் அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னதில் அசைந்தது. மார்ச் இருபத்தொன்பதாம் தேதி மாலை பெட்டியில் ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது, அது அவருடைய வீட்டுத் தாள்.

ஆறு வீட்டுக்கு ஒரு வீடு என்று கணக்கு வைத்து எடுத்ததில் அவர் குடியிருந்த வீடும் விழுந்திருந்தது. வீட்டை விடக் கூடாது என்பது விதி. ஞானம்மாள் அப்போது உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கல் சத்தம் காதில் விழ விழ, கூப்பிட்டுக் கேட்காமல் அவரே 'சும்மா' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார். இப்போது வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். பிறந்து இரண்டே நாளில் போன குழந்தையைப் பற்றியும், நான்காம் நாளே குடத்தோடு ரோட்டைத் தாண்டியதையும் சொன்னாள். ஆறு பக்கம் எழுதி, மறுநாள் பெட்டியிலிருந்த தாளோடு சேர்த்து வைத்தார். அதன் கனம் கடுகளவும் குறையவில்லை. பேராசிரியர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். "மற்றதெல்லாம் அவங்க சொன்ன சொல். அவங்களே திருத்திட்டாங்க. இது உன் சொல், கலியமூர்த்தி" என்றார். பிறகு தன் புத்தகத்தை எடுத்து, அட்டவணை இருந்த பக்கத்தில் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதையும் முதல் பெட்டியில் வைத்தார்.

முப்பத்தொன்றாம் தேதி லாரி வந்தது. ஞானம்மாளை வரவழைத்து அந்தத் தாளைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்; இருபத்திரண்டு பெட்டிகளும் ஏறிய பிறகு அதையும் லாரியில் வைக்கச் சொன்னார்கள். அவள் வைத்ததும் பின் சக்கரங்கள் இரண்டும் வெடித்தன. "எறக்கிடும்மா, வண்டி ரோடு சேராது" என்றார் கோதண்டம். அவள் இறக்கினாள். சக்கரம் மாற்றும்போது கோதண்டம் கலியமூர்த்தியை ஓரமாக அழைத்து, ஒரு தாள் செல்லரித்துப் போனதாக எழுதிவிடும்படியும் அதை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்றும் யோசனை சொன்னார். தாளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஞானம்மாளுக்கு அது கேட்டது.

"அதெல்லாம் வேணாங்க. நான் சும்மாதான் இருந்தேன்னு நானே சொன்னதா எழுதிக்குங்க. கனம் குறைஞ்சாலும் குறையும். உங்க வேலையாவது நிக்கட்டும்."

கலியமூர்த்தி அழுதார். லாரிக்காரர்கள் எதிரில் அழுதது அவருக்கு வெட்கமாகவும் இல்லை. ஒப்படைப்புப் பட்டியலைத் தொடைமேல் வைத்து, நானூற்றுப் பன்னிரண்டு தாள்களில் ஒன்று விசாரிக்காமல் எழுதப்பட்டது, எழுதியவன் கலியமூர்த்தி, தாள் அவன் வீட்டில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

நூலகம் பெட்டிகளை ஏற்றுக்கொண்டது. கேட்காமல் எழுதுகிறவரைக் காப்பாளராக வைப்பதற்கில்லை என்று மரியாதையான நடையில் ஒரு கடிதம் வந்தது, வேறொருவர் நிரந்தரமானார். கலியமூர்த்திக்குத் திருமழிசையில் ஓர் ஆலையில் நேரக் காப்பாளர் வேலை கிடைத்தது. காலையில் ஆறு குடமும் மாலையில் ஆறு குடமும் அவர் பிடித்துவரத் தொடங்கினார். அக்கம்பக்கத்தார் ஒரு மாதம் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். தாளை ஞானம்மாள் கூடத்தில் சுவரோரமாக வைத்திருந்தாள். வந்தவர்கள் அதில் கால் படாமல் சுற்றிப் போகப் பழகினார்கள். நூலகத்தில் பட்டியலைப் படித்த வெள்ளைக்காரர் ஒருவர் தேடிவந்து தூக்கிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். கலியமூர்த்தி தினமும் ஒருமுறை முயன்றுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். 1979ஆம் வருஷம் ஆவணி மாதத்து ஒரு வியாழக்கிழமை, அதன் ஒரு மூலை அவர் கைக்கு எழும்பியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடத்தைப் பெருக்கிக்கொண்டு வந்த ஞானம்மாள் அதைப் பார்த்தாள். "அப்படியே செத்த புடிச்சுக்கிட்டு இருங்க" என்று சொல்லி, அடியில் விளக்குமாற்றை விட்டுப் பெருக்கினாள்.