இரண்டாவது ஆண் தவளை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பேராசிரியருக்கோ தவளை வாயால்தான் வாழ்வே வந்தது. குளக்கரையில் பதிவான அரை நிமிடச் சத்தம் அது. ஒரு தவளை கூப்பிடும். சற்றுப் பொறுத்து இன்னொன்று கரகரப்பாகப் பதில் சொல்லும். இரண்டு ஆண் தவளைகளின் எல்லைத் தகராறு என்று கட்டுரை எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு மாநாடு மாநாடாகப் போனார்.

இரண்டாவது தவளை தன் மனைவி என்பது ஒலிப்பதிவாளருக்கு மட்டும் தெரியும். அன்று துணைக்கு வந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், தவளை மாதிரி கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அந்த இரைச்சல வெட்டிடுங்க” என்றார் மறுநாள் பதிவைக் கேட்ட பேராசிரியர், சிரிப்பை மட்டும். வீட்டில் சிரிப்புக்கா பஞ்சம் என்று இவரும் வெட்டி எறிந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவளிடமே கேட்டார்.

“விடுங்க. இத்தனை வருஷத்துல என் பேச்சுக்கு நீங்க காது கொடுத்ததில்ல. ஒரு பெரிய மனுஷன் கொடுக்கறாரு, அதையும் ஏன் கெடுக்கறீங்க?”

போன வருடம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. படங்கள் நிறைய இருந்தன. குரல் என்று மிஞ்சியது அந்தக் கத்தல்தான்.

இப்போது எங்கோ ஓர் அறிஞர், இரண்டாவது குரல்மேல் சந்தேகம் கிளப்பிவிட்டார். பேராசிரியர் எல்லோரையும் கூட்டி ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்.

“கேளுங்கய்யா! என்ன மிடுக்கு, என்ன அதிகாரம்! அசல் ஆம்பளைக் குரல்!”

மாணவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

“சார், அது வந்து...” என்று ஆரம்பித்தார் ஒலிப்பதிவாளர். சொன்னால் கட்டுரை போகும். அது போனால் போகட்டும். ஆனால் அதற்கப்புறம் அவளை யார் இப்படி உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள்?

“எது வந்து?”

“நல்ல குரல் சார்.”

“அப்ப குளத்துக்குப் போய் அதைப் போடுங்க. யாருடா அது நம்ம குரல்ல கத்தறதுன்னு கோவத்துல ஆளு வெளிய வருவான். பிடிச்சிட்டு வாங்க.”

அன்றிலிருந்து மாலையானால் அவர் குளக்கரையில். புல்லில் ஒலிபெருக்கியை வைத்து அவள் குரலைப் போடுவார். சேற்றுக்குள்ளிருந்து ஏதோவொரு தவளை சளைக்காமல் பதில் சொல்லும். கத்தல் முடிந்து, வெட்டிய இடம் வந்ததும், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். சிரிப்பு வராது. மறுபடி போடுவார்.

இருட்டும் நேரத்தில் பேராசிரியரிடமிருந்து போன் வரும்.

“அகப்பட்டானா?”

“இல்ல சார்.”

“பிடிவாதக்காரனா இருப்பான் போல.”

“ரொம்பப் பிடிவாதம் சார்” என்பார் ஒலிப்பதிவாளர். “நாளைக்கும் வந்து பாக்கறேன்.”