நாற்காலிக்குக் குணமான காமாலை

1

வங்காளத்தின் மூடநம்பிக்கை மொத்தத்தையும் ஒழிக்கப்போகும் கதை இது. அதற்கு எட்டுப் பக்கம் போதும் என்று வெங்கடநாராயணன் முடிவு செய்திருந்தான். (எழுதுபவனும் அவன்தான். 'நான்' என்று எழுதினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று 'அவன்' ஆக்கினான். பெயரை மாற்ற மறந்துவிட்டான்.)

கதை பிறந்தது 1998 மே மாதம், லேக் கார்டன்ஸ் வீட்டில், தங்கை ஹம்சினியின் கண் மஞ்சளான அன்று. டாக்டர் ரத்தம் எடுத்து, ஓய்வு என்றார். பக்கத்து வீட்டுப் பூர்ணிமா பௌதி (வங்காளியில் அண்ணி) ஒரு மாலையோடு வந்தாள்.

2

பூமாலை இல்லை. ரயில் பாதையோரம் தானாக முளைக்கும் பாமுன்ஹாட்டிச் செடியின் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, நூலில் முடிந்த வளையம். தலையில் கிரீடம்போல வைப்பார்கள். அது நாளுக்கு நாள் நீண்டு, மார்புவரை இறங்கினால் காமாலை போயிற்று.

தினம் காலையில் அம்மா விரல் வைத்து அளந்தாள்.

"இன்னிக்கு அரை விரற்கடை!"

"டெய்லர் கடை வெச்சுடலாம்மா. தண்டு காஞ்சு சுருங்கறது, முடிச்சு தளர்றது, அவ்வளவுதான்."

"பி.எஸ்ஸி. படிச்சா வாயை மூடத் தெரியாதோ?"

நிரூபிக்க, பௌதியிடம் இன்னொரு மாலை வாங்கி நாற்காலி முதுகில் மாட்டினான். நாலே நாளில் இருக்கைவரை தொங்கியது. நாற்காலிக்குக் குணமாகிவிட்டதாக அறிவித்தான்.*

* இங்கே நீங்கள் சிரிக்க வேண்டும். காலேஜில் சிரித்தார்கள்.

3

ஹம்சினி சிரிக்கவில்லை. அவளுடைய மாலை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"நாற்காலிக்குச் சரியாயிடுத்து. எனக்கு ஏன் ஆகலைண்ணா?"

காய்ச்சல் வியர்வையில் தண்டு காயவில்லை என்று விளக்கினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து கஞ்சியும் வேண்டாம் என்கிறாள்.

ரத்தத்தில் மஞ்சளைக் காட்டும் பிலிரூபின் ஒன்பதிலிருந்து பதினாலுக்குப் போயிருந்தது. இன்னும் ஏறினால் ஆஸ்பத்திரி என்று சொல்லி, டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார்.

4

முதல் முடிவு: ரிப்போர்ட் நல்லபடியாக வருகிறது. அம்மா மாலையைக் கண்ணில் ஒற்றி—

(வேண்டாம். மாலை ஜெயித்துவிடும்.)

இரண்டாவது முடிவு: ரிப்போர்ட்டில்

(இதை அவன் எழுதமாட்டான்.)

5

ரிப்போர்ட் வாங்க அப்பா கரியாஹாட் லேபுக்குப் போயிருக்கிறார். அம்மா அடுக்களையில். ஹம்சினி தூங்குகிறாள். மின்சாரம் இல்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் தாள் இல்லை. எட்டுப் பக்கத்தையும் மடித்து, தண்டு காயட்டும் என்று அவள் நெற்றிக்கு விசிறிக்கொண்டிருக்கிறான். நடுநடுவே நிறுத்துகிறான். அடுக்களைப் பக்கம் பார்க்கிறான். பிறகு, அவள் விழித்துவிடாமல், மாலைக்கும் புருவத்துக்கும் நடுவே மெல்ல விரலை வைக்கிறான்.