சமமாக இறங்கிய சோப்புக் கம்பெனி

எந்தப் பக்கம் செலவு செய்கிறார்களோ அந்தப் பக்கம் சோப்புக் கம்பெனிக் கட்டடம் இறங்கும். கிழக்கே பழைய கொதிகலனுக்கு வால்வு மாற்றினால் கிழக்கு ஒரு சாண் தாழும். மேற்கே புது இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்தால் மேற்கு. ஈரம் காயாத சோப்புகள் சரிவு பார்த்து வழுக்கிப் போகும். வேலையாட்கள் சாயங்காலம் சுவரோரம் அவற்றைப் பொறுக்குவார்கள். இதற்கெல்லாம் தனிக் கூலி கிடையாது.

கிழக்கு மாமனாருடையது, மேற்கு அவர் மகனுடையது. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று நாளாகிவிட்டதால், செலவுக்குக் கையெழுத்துப் போடும் மருமகளிடம்தான் இருவரும் வருவார்கள்.

"இத்தனை வருஷம் சோறு போட்டது என் பாய்லரும்மா. உன் புருஷனோட புது மிஷின் பொட்டிக்கு மட்டும் அள்ளி விடுறியே!"

"சோறு போட்டுச்சு, சரி. இப்ப ஒழுகுற ஒழுக்குல நீச்சல் குளமே வெட்டலாம்னு உன் மாமனார்கிட்ட சொல்லு."

"ஏன், நான் என்ன போஸ்ட்மேனா?" என்பாள் அவள்.

இன்னும் ஒரு சாண் சாய்ந்தால் நடுச்சுவர் பிளந்துவிடும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். சுவர் பிளந்தால் குடும்பமும் பிளக்கும் என்பதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. எனவே அவள் இருந்த பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தாள். கொதிகலனுக்கு ஒட்டுப் போட்டார்கள். புது இயந்திரம், சோப்பைச் சுற்றிக் கட்டும் பகுதி இல்லாமல் வந்து இறங்கியது. ஒட்டு ஒழுகியது, இயந்திரம் பாதி நேரம் சும்மா நின்றது. ஆனால் தரை நேராகிவிட்டது. கணக்குப் பார்க்க வந்த பேங்க் அதிகாரி தரையில் தண்ணீர் தம்ளரை வைத்துப் பார்த்து, "பிரமாதம் மேடம், ரெண்டு பக்கமும் சமமா வச்சிருக்கீங்க" என்றார். திரும்பும்போது, வந்தபோது இல்லாத ஒரு படியை ஏறித் தெருவுக்குப் போனார்.

ஜன்னலில் முன்பு தெருவில் போகிறவர்களின் முகம் தெரிந்தது. பிறகு இடுப்பு, பிறகு செருப்பு. பாதி வேலைக்குச் செலவு முடியவே முடியாது, ஏதாவது ஒரு பக்கத்துக்கு மொத்தத்தையும் கொடுத்து முடித்தால் ஒழிய கட்டடம் இறங்குவது நிற்காது என்று அவளுக்குப் புரிந்தது. "அப்போ என் பக்கம் கொடு" என்றார்கள் இருவரும். பேனாவைத் திறந்தாள், நடுச்சுவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் பாதி பாதி என்றே எழுதினாள். அடுத்த வருஷமும் அப்படியே. மாமனாருக்குக் கண் மங்கியது, கணவனுக்குத் தலை நரைத்தது, இயந்திரத்தின் மீதிப் பகுதி வரவேயில்லை.

இப்போது ஜனங்கள் கூரைமேல் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார்கள். சோப்பு வேண்டுபவர்கள் புகைபோக்கிக்குள் குரல் கொடுக்க, அவள் கயிறு கட்டிய வாளியில் வைத்து மேலே அனுப்புகிறாள்.

"வாளி எட்டலக்கா, நீளமா ஒரு கயிறு வாங்குங்க" என்று ஒருநாள் மேலிருந்து யாரோ சொன்னார்கள்.

வாங்கினாள். கயிற்றுச் செலவைக் கிழக்கில் பாதி, மேற்கில் பாதி எழுதிக்கொண்டாள்.