புட்டில் ஓடிய ஸ்கீ

தொண்ணூற்றாறு நவம்பரில் கனடாவின் அஜக்ஸில் மருந்துக்கும் பனி விழவில்லை. எனக்கென்று வந்து வாய்த்த குளிர்காலம்! எங்கள் தொழிற்சாலையில் செய்வதோ பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு முன்னால் பூட்டும் சறுக்குப் பலகை, ஸ்கீ. அதன் அடியில், நடுவே, ஆழமாகக் கீழே நீட்டிய ஒரு வரம்பு இருக்கும். வளைவில் பனியைப் பிடிப்பது அதுதான். அதை எடுத்துவிட்டு இரண்டு ஓரத்திலும் ஆழம் குறைந்த வரம்பு வைத்தால் இன்னும் நன்றாகத் திரும்பும் என்று நான் வாயை விட்டுவிட்டேன்.

"திங்கட்கிழமை செய்து காட்டு" என்றார் மனேஜர் கஸ்பர். "சரிவராவிட்டால் பழையபடி பாக்கிங்குக்குப் போ."

வரைபட மேசைக்கு வருவதற்கு ஐந்து வருடம் பெட்டி ஒட்டியவன் நான்.

ஞாயிறு காலை, மனைவி கமலாம்பிகை புட்டுக்கு அவித்து அரித்து வைத்திருந்த மாவைப் பனிக்குப் பதிலாகத் தட்டில் பரப்பி, பழைய விதத்தில் ஒன்றும் என் விதத்தில் ஒன்றுமாக இரண்டு சின்ன மாதிரி ஸ்கீகளை நூல் கட்டி இழுத்தேன்.

"என்னப்பா, புட்டுமாவில கார் ஓட்டுறியளோ?"

"காரில்லையப்பா, ஸ்கீ."

"கோதாரி விழுந்த ஸ்கீ! பிள்ளையள் பசியில கிடக்குதுகள்."

என்னுடையது அழகாகத் திரும்பியது. கெஞ்சிக் கூத்தாடி, கொஞ்ச மாவை ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். எங்கள் பிரிட்ஜில் எப்போதும் ஆறு ஐஸ்கிரீம் பெட்டிகள் இருக்கும். ஒன்றிலும் ஐஸ்கிரீம் இருக்காது.

திங்கட்கிழமை கஸ்பர் முன்னால் மூடியைத் திறந்தேன். மா இல்லை, பெட்டி மாறிவிட்டது. மத்தியானத்துக்கு அவள் எடுத்து வைத்த புட்டு, தேங்காய்ப்பூவோடு குளிரில் இறுகிக் கட்டிகட்டியாகக் கிடந்தது. விசரா, திறந்து பார்த்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் தட்டில் கொட்டி அமுக்கினேன்.

பழைய ஸ்கீயின் வரம்பு ஒரு கட்டியில் முட்டியது. ஸ்கீ வளைவை விட்டு நேரே போய்த் தட்டின் விளிம்பில் இடித்தது. என்னுடையது இரண்டு ஓரமும் பிடித்து, சொல் கேட்டுத் திரும்பியது. கஸ்பர் மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.

"மார்ச் மாதப் பனி அச்சு அசல் இப்படித்தான், உருகி உறைந்து கட்டியாகக் கிடக்கும். மேசை உனக்குத்தான். நாளைக்கும் இதையே கொண்டு வா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே வீட்டுக்கு போன் அடித்தேன்.

"மாப் பெட்டி இஞ்ச கிடக்கு!" என்று கத்தினாள். "அப்ப அந்த மனுசனுக்கு என்னத்தைக் காட்டினனீங்கள்?"

"புட்டைத்தான். நாளைக்கும் வேணுமாம்."

அவள் குரல் குழைந்தது.

"அவ்வளவு பிடிச்சுப்போச்சோ? அப்ப தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடப் போட்டு விடட்டோ?"

"ஐயோ, வேண்டாம்! அதே அளவு, அதே பதம். என்ர மேசை இப்ப உம்மட கையிலதான் கிடக்கு."